கண்டி தலதா வீதில ஆறுதலா ஒரு நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம்ம தோட்டப் பக்கத்துல இருந்து கண்டிக்கு வர்றதுன்னா ஏதாவது ஒரு வேலையாத்தான் வருவோம். பெரியாஸ்பத்திரில கிளினிக் இருக்கும், ஏதாவது ஆபீஸ்ல ஒரு கடுதாசி எடுக்க இருக்கும், இல்லாட்டி தீவாளிக்கு உடுப்பெடுக்க வருவோம். வேலை முடிஞ்ச கையோட பஸ்ஸ பிடிக்க ஓட்டம். வருஷக்கணக்கா கண்டிக்கு வந்து போறவங்க கூட தலதா வீதிய ஒரு தடவை முழுசா நின்னு நிதானமா பாத்திருக்க மாட்டாங்க, அது எனக்கு பெரிய மனக்குறை. அதுனாலதான் ஹட்டன், நாவலப்பிட்டி, புசல்லாவ, கலஹா, மாத்தளை பக்கத்து ஆளுங்க அடிக்கடி கேக்குற கேள்விகள ஒண்ணா போட்டு எனக்கு தெரிஞ்சத எழுதியிருக்கேன்.

தலதா வீதின்னா எங்க இருந்து எங்க வரைக்கும்?

ஒரு முனையில மணிக்கூட்டு கோபுரம், மறு முனையில குயின்ஸ் ஹோட்டலும் புத்தரோட புனிதப் பல்ல வச்சிருக்கிற தலதா மாளிகையும், இடையில இருக்கிற கடைத்தெருதான் தலதா வீதி. வெள்ளைக்காரன் காலத்துல இதுக்கு வார்ட் ஸ்ட்ரீட்னு பேரு. மொத்தமே அரைக் கிலோமீட்டர் போலத்தான் வரும், விறுவிறுன்னு நடந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும், ஆனா அப்படி நடக்கிறதுக்கு இத படிக்கத் தேவையில்ல. இதுக்கு பக்கத்துலயே யட்டிநுவர வீதி, கொட்டுகொடல்ல வீதி, டி.எஸ். சேனாநாயக்க வீதின்னு ஒண்ணோட ஒண்ணு வெட்டிக்கிட்டு போற தெருக்கள் இருக்கு. கொட்டுகொடல்ல வீதிய பழைய ஆளுங்க இன்னும் காசல் ஹில் ஸ்ட்ரீட்னும் சேனாநாயக்க வீதிய ட்ரிங்கோ ஸ்ட்ரீட்னும்தான் சொல்லுவாங்க, வழி கேக்கும்போது பழைய பேரு, புதுப் பேரு ரெண்டும் தெரிஞ்சிருந்தா நல்லது.

எந்தப் பக்கமிருந்து நடக்க தொடங்கணும்?

மணிக்கூட்டு கோபுரத்துப் பக்கமிருந்து தொடங்குங்க. பஸ்ல வந்தாலும் ரயில்ல வந்தாலும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான் இறங்குவீங்க, நடந்து நடந்து கால் வலிக்கிற நேரத்துல மறு முனையில வாவியும் மர நிழலும் வந்துரும். மறுபக்கமா நடந்தா கடைசில பஸ் ஹோர்னுக்கும் புகைக்கும் நடுவுல நிக்க வேண்டி வரும்.

கோபுரத்த தாண்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்க. அது அரசாங்கம் கட்டினது இல்ல, விபத்துல மகன பறிகொடுத்த ஒரு முஸ்லிம் தகப்பன் அந்த மகன் ஞாபகமா கட்டிக் கொடுத்தது, 1950ல திறந்தாங்க. தினமும் ஆயிரக்கணக்கான ஆளுங்க அதுல நேரம் பாத்துட்டு போறாங்க, அது ஒரு பிள்ளையோட ஞாபகச்சின்னம்னு தெரிஞ்சவங்க கொஞ்சம் பேருதான்.

என்ன நேரத்துல போறது நல்லது?

காலைல ஒன்பதரைல இருந்து பதினொன்றரை வரைக்கும் நல்ல நேரம். கடையெல்லாம் திறந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. ஒன்றரைக்கு ஸ்கூல் விட்டுச்சுன்னா அவ்வளவுதான், டவுனுக்குள்ள அத்தனை ஸ்கூல், வேனும் பஸ்ஸும் பிள்ளைங்களும்னு ரோட்ட கடக்கவே முடியாது. நாலு மணிக்கு பிறகு திரும்ப நல்லாயிருக்கும். ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் பின்னேரம் இடியோட மழை கொட்டுறது வழக்கம், குடை இல்லாம வராதீங்க.

ஞாயித்துக்கிழமை நிறைய கடை மூடியிருக்கும். போயா தினத்துல, அதான் பௌர்ணமி அன்னைக்கு, மாளிகைக்கு வர்ற சனம் அதிகம், கும்பிடப் போறதுன்னா அன்னைக்கு போங்க, சாமான் வாங்கணும்னா வேற நாள் பாருங்க.

பழைய தெருன்னு சொல்றீங்க, பாத்தா எல்லாம் போன் கடையும் செருப்புக் கடையுமாத்தானே இருக்கு?

கண்ணு மட்டத்துல பாத்தா அப்படித்தான் தெரியும். ரோட்டோட எதிர்ப்பக்கம் நின்னு மேல் மாடிய பாருங்க. கீழ கண்ணாடியும் போர்டுமா இருக்கிற கடைக்கு மேல பழைய ஓட்டுக் கூரை இருக்கும், மரப்பலகை ஜன்னல் இருக்கும், சில இடத்துல மரக் கிராதி போட்ட பால்கனி கூட இருக்கும். யட்டிநுவர வீதி, சேனாநாயக்க வீதி பக்கம் திரும்பினா இன்னும் கூட தெரியும். சில கடைகளுக்கு முன்னால தூண் வச்ச விறாந்தை இருக்கும், மழை வந்தா சனம் ஒதுங்கி நிக்கிறது அங்கதான். கண்டி நகரத்த 1988ல யுனெஸ்கோ உலக மரபுரிமை பட்டியல்ல சேத்தாங்க, அதுல மாளிகை மட்டும் இல்ல, இந்த பழைய டவுனும் சேத்திதான்.

தெரு முடியுற இடத்துல குயின்ஸ் ஹோட்டல், வெள்ளைக்காரன் காலத்து வெள்ளைக் கட்டடம். அத தாண்டி மாளிகைப் பக்கம் போனா தேவ வீதில நாத தேவாலயம், கண்டில இன்னைக்கும் நிக்கிற கட்டடங்கள்ல ரொம்ப பழசு அதுதான், 14ஆம் நூற்றாண்டு. அதுக்கு பக்கத்துலயே செங்கல்லுல கட்டின சென் போல்ஸ் சர்ச், 1840கள்ல கட்டினது. கொட்டுகொடல்ல வீதில கடைகளுக்கு நடுவுல கதிர்காம தேவாலயம் இருக்கு, நம்ம முருகன்தான். துணிக்கடைல இருந்து நாலு எட்டு வச்சா சன்னதி. ஒரு பக்கம் கடைக்காரர் கூப்பிடுற சத்தம், இன்னொரு பக்கம் கோயில் மணி, கற்பூர வாசம், இத்தனையும் ஒரே தெருவுல கேக்கணும்னா கண்டிக்குத்தான் வரணும்.

நம்ம ஆளுங்களுக்கும் இந்த டவுனுக்கும் என்ன சம்பந்தம்? நாம வந்து போறவங்கதானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் எடுத்து பதில் சொல்லணும்னு நெனச்சேன்.

1739ல இருந்து 1815 வரைக்கும் கண்டிய ஆண்ட கடைசி நாலு ராஜாவும் நாயக்கர் வம்சம், தென்னிந்தியாவுல இருந்து வந்த குடும்பம். கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கு பிறந்தப்ப வச்ச பேரு கண்ணுசாமி. இன்னைக்கு எல்லாரும் நின்னு போட்டோ எடுக்கிற வாவிய வெட்டினதும், மாளிகைக்கு முன்னால எட்டுப் பக்கமா நிக்குதே பத்திரிப்புவ, அத கட்டினதும் அவரு காலத்துலதான். மாளிகைக்கு கிழக்குப் பக்கம் அவங்க சொந்தக்காரங்க குடியிருந்த தெருவ பிறகு வெள்ளைக்காரன் மலபார் ஸ்ட்ரீட்னு சொன்னான். 1815 மார்ச் 2ஆம் திகதி மாளிகைக்கு பக்கத்துல இருக்கிற மகுல் மடுவ மண்டபத்துல வச்சுத்தான் கண்டி ஒப்பந்தம் வந்துச்சு, அதுல சில சிங்கள பிரதானிகள் தமிழ் எழுத்துல கையெழுத்து போட்டிருக்காங்க. ராஜாவ வேலூருக்கு அனுப்பிட்டாங்க, அங்கேயே 1832ல இறந்துட்டாரு.

அதுக்கு பிறகு காப்பி. நம்ம பாட்டன் பூட்டன்மாரு மன்னார்ல கரையேறி தம்புள்ள, மாத்தளை வழியா காட்டுக்குள்ள நடந்தே வந்தாங்க, வழியிலயே காய்ச்சல்லயும் பசியிலயும் செத்தவங்களுக்கு கணக்கில்ல. 1867ல கொழும்புல இருந்து கண்டிக்கு ரயில் வந்துச்சு, காப்பி மூட்டைய துறைமுகத்துக்கு இறக்கத்தான் அந்த பாதைய போட்டாங்க. அதே வருஷம்தான் கண்டி மாவட்டத்துல லூல்கந்துர தோட்டத்துல ஜேம்ஸ் டெய்லர் தேயிலை வச்சாரு.

இப்ப மாளிகைப் பக்கம் போற வழில இரும்புல ஒரு பழைய நீரூற்று நிக்கும், நிறைய பேரு கண்டுக்காம போயிருவாங்க. தயவுசெஞ்சு அந்த இடத்துல நில்லுங்க. 1875 டிசம்பர்ல வேல்ஸ் இளவரசர் கண்டிக்கு வந்த ஞாபகமா இலங்கைக் காப்பித் தோட்டத் துரைமாரு சேர்ந்து வச்சது அது. அந்த காசு எங்க இருந்து வந்துச்சு? காப்பிச் செடிக்கு கீழ குனிஞ்சு நின்னவங்க வேர்வைல இருந்து வந்துச்சு. அவங்க பேரு அதுல எங்கயும் இல்ல. அதுக்கு சில வருஷம் முன்னாடியே, 1869லயே, காப்பி இலைல நோய் விழுந்துருச்சு, கொஞ்ச காலத்துல காப்பியே போச்சு, துரைமாரும் போயிட்டாங்க, ஊற்று மட்டும் நிக்குது, நாமளும் நிக்கிறோம். அதுனால வந்து போறவங்கன்னு யாரும் நினைக்க வேண்டாம், பிள்ளைங்கள கூட்டிட்டு போனா இத சொல்லிக் கொடுங்க.

கடைல தமிழ்ல பேசலாமா?

தாராளமா பேசலாம். முஸ்லிம் முதலாளிமாரு கடை நிறைய, தமிழ் ஆளுங்க கடையும் இருக்கு, சிங்கள முதலாளி கடையா இருந்தாலும் உள்ள வேலைக்கு நிக்கிற பிள்ளைங்க பாதிப் பேரு நம்ம தோட்டங்கள்ல இருந்து வந்ததுங்கதான். நீங்க சிங்களத்துல தடுமாறிக்கிட்டு இருக்கும்போதே “எந்தப் பக்கம்க்கா நீங்க, கலஹாவா?”ன்னு கேட்டு சிரிக்கும். காலைல இருந்து ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டே வேலை செய்ற பிள்ளைங்க, நாலு வார்த்தை நல்லா பேசிட்டு வாங்க. சிங்களம் மட்டும் தெரிஞ்ச கடைலயும் “மல்லி, மேக கீயத?” (தம்பி, இது எவ்வளவு?)ன்னு கேட்டா போதும், வேலை நடந்துரும்.

சாரி, உடுப்பு எந்தத் தெருவுல நல்லது?

தலதா வீதில கண்ணாடிக் கடையும் கேசிசி மாதிரி பெரிய மாலும் இருக்கு, ஏசில நடக்கலாம், விலை போட்டது போட்டதுதான். எங்க வீட்டு பொம்பளைங்க எல்லாம் உடுப்புன்னா காசல் ஹில் ஸ்ட்ரீட், கொழும்பு வீதி பக்கம்தான் திரும்புவாங்க. அந்தக் கடைகள்ல சாரி பாக்கிறதே ஒரு தனி அனுபவம். மேசைக்கு அந்தப் பக்கம் நிக்கிற பையன் ஒரு சாரிய எடுத்து மடிப்ப ஒரே உதறுல விரிச்சு, முந்தானைய தன்னோட தோள்லயே போட்டு காட்டுவான். அடுத்தது, அதுக்கடுத்ததுன்னு மேசை மேல மலையா குவிஞ்சிரும், நீங்க ஒண்ணும் எடுக்காட்டியும் முகம் சுளிக்காம திரும்ப மடிப்பான். துணிய வாசலுக்கு கொண்டுபோய் வெளிச்சத்துல பாக்கணும்னு கேளுங்க, டியூப் லைட்டுக்கு கீழ மெரூனும் பிரவுனும் ஒண்ணாத்தான் தெரியும்.

தீவாளி அட்வான்ஸ் கிடைச்ச வாரத்துல மட்டும் வந்துராதீங்க, முடிஞ்சா ஒரு மாசம் முந்தி வாங்க. அந்த வாரத்துல கூட்டம் தாங்காது, நல்ல நிறமெல்லாம் போயிரும், சைஸ் மாத்திக் கொடுக்கவும் மாட்டாங்க.

விலை பேசலாமா?

விலை ஒட்டியிருக்கிற கடைல வேண்டாம். மார்க்கெட்லயும் சின்னக் கடைலயும் பேசலாம், ஆனா பேவ்மென்ட்ல ரெண்டு கூடை காய்கறி வச்சுக்கிட்டு இருக்கிற வயசான அம்மாகிட்ட பத்து ரூபாவுக்கு மல்லுக்கட்டாதீங்க.

சென்ட்ரல் மார்க்கெட்ல என்ன வாங்கலாம்?

மார்க்கெட் மணிக்கூட்டு கோபுரத்துப் பக்கமே இருக்கு. கீழ மரக்கறி, பழம், இறைச்சி, கருவாடு, மசாலா, மேல உடுப்பும் பத்திக்கும் டூரிஸ்ட் சாமானும். முதல் தடவை வர்றவங்க கீழ மசாலாக் கடைகளுக்கு போங்க, கண்டியும் மாத்தளையும்தான் மசாலாவுக்கு பேர் போன இடம்.

கறுவா வாங்கினா சுருள கைல எடுத்து நுனிய பாருங்க. நல்ல கறுவா மெல்லிசா பல பட்டை ஒண்ணுக்குள்ள ஒண்ணு சுருண்டு இருக்கும், விரலால அமுக்கினாலே நொறுங்கும். தடிப்பா ஒரே பட்டையா மரக்கட்டை மாதிரி இருந்தா அது வேற சாதி, வேண்டாம். கராம்ப நகத்தால அழுத்துங்க, எண்ணெய் கசியணும், கசியாட்டி எண்ணெய் எடுத்துட்டு வித்தது. ஏலக்காய் பச்சையா இருந்தா மட்டும் போதாது, ஒண்ண உடைச்சு காட்டச் சொல்லுங்க, உள்ள விதை கறுப்பா பிசுபிசுன்னு இருக்கணும். நல்ல வியாபாரி இதுக்கெல்லாம் கோவப்பட மாட்டாரு, நீங்க கேக்குறத பாத்ததும் கீழ இருந்து வேற பெட்டிய எடுப்பாரு. வெளிநாட்டு சொந்தக்காரங்களுக்கு அனுப்புறதா இருந்தா பாக்கெட்ல இருக்கிற தூள் வேண்டாம், முழுசா வாங்கி வீட்டுல வறுத்து அரைங்க.

தேயிலை தோட்டத்துல இருந்துட்டு கண்டில தேயிலை வாங்கணுமா?

சிரிக்க வேண்டாம், நிறைய பேரு கேக்குறாங்க. வெளிநாட்டுல இருக்கிற மகனுக்கு நல்ல பாக்கெட் கேப்பாங்கள்ல, அதுக்கு. கடைல கேட்டு வாங்குங்க: பால் டீக்கு கடுப்பா, சீக்கிரமா சாயம் இறங்கணும்னா பி.ஓ.பி.எஃப்., ப்ளேன்டீக்கு லேசா வாசமா வேணும்னா நீள இலை ஓ.பி. கண்டித் தேயிலை பெரும்பாலும் நடு உயரத்துல, 600ல இருந்து 1200 மீட்டருக்குள்ள விளையுறது, சாயமும் கடுப்பும் கூட. நுவரெலியா அதுக்கு மேல, நிறம் லேசு, வாசம் கூட. எந்தத் தோட்டத்து இலைன்னு பாக்கெட்ல போட்டிருந்தா பாத்து எடுங்க, உங்க அம்மா கொழுந்தெடுத்த தோட்டத்துப் பேரே கூட இருக்கலாம்.

சாப்பாட்டுக்கு?

தலதா வீதிலயே பேக்கரியும் சாப்பாட்டுக் கடையும் வரிசையா இருக்கு. சோட் ஈட்ஸ் தட்டுல ரோல்ஸ், பெட்டிஸ், கட்லட்னு கொண்டுவந்து வைப்பாங்க, சாப்பிட்டதுக்கு மட்டும் காசு, அது தெரியாம தட்டுல வச்ச அத்தனையும் சாப்பிடணும்னு நினைக்கிறவங்க இருக்காங்க. சைவம் வேணும்னா சேனாநாயக்க வீதி, யட்டிநுவர வீதி பக்கம் தோசைக் கடை கிடைக்கும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் வெரளுக்காய் அச்சாறு, உப்பும் மிளகாத்தூளும் தூவின அன்னாசி, சூடா கடலை, இறால் வடை. அச்சாறு வாங்கினா மூடி வச்சிருக்கிறவங்ககிட்ட வாங்குங்க.

மாளிகைக்குள்ள போகலாமா, என்ன உடுத்தணும்?

யாரும் போகலாம். தோளும் முழங்காலும் மூடியிருக்கணும், செருப்ப வெளில கொடுத்து வைக்கணும், வாசல்ல செக் பண்ணுவாங்க. நம்ம நாட்டு ஆளுங்களுக்கு டிக்கெட் இல்ல, அடையாள அட்டைய கைல வச்சிருங்க. பூசை காலைல 5.30, 9.30, பின்னேரம் 6.30. 1998 ஜனவரில மாளிகை வாசல்ல குண்டு வெடிச்சதுக்கு பிறகு முன்னால இருக்கிற ரோட்ட வாகனத்துக்கு மூடிட்டாங்க, எத்தனையோ உசுரு போன இடம் அது, இன்னைக்கு அந்த ரோட்டுல ஆளுங்க மட்டும்தான் நடக்கிறாங்க. பிள்ளைங்கள கூட்டிட்டு போனா உள்ள பெரஹரா ஊர்வலத்துல பேழை சுமந்த ராஜாங்கிற யானைய பதப்படுத்தி வச்சிருக்காங்க, 1988ல செத்த யானை, அத மறக்காம காட்டுங்க.

பெரஹரா நேரம் வரலாமா?

எசல பெரஹரா ஜூலை, ஆகஸ்ட் பக்கம் வரும். பாக்க வர்றதுன்னா மத்தியானமே வந்து பேவ்மென்ட்ல பாய் விரிச்சு இடம் பிடிக்கணும். கடைக்கு வர்றதுன்னா அந்த பத்து நாளும் வேண்டாம்.

வயசானவங்க, கைப்பிள்ளை இருந்தா முடியுமா?

தலதா வீதி சமதரைதான், மேடு பள்ளம் இல்ல, ஆனா பேவ்மென்ட் சில இடத்துல குறுகல், படி ஏறி இறங்கும். மணிக்கூட்டு கோபுரத்துப் பக்கம் ரோட்ட கடக்க நிலத்துக்கு கீழ நடைபாதை இருக்கு, அதுல படி ஏற முடியாதவங்கள சிக்னல் இருக்கிற இடத்துல கடக்க வைங்க. டொய்லட்டுக்கு மால்தான் வசதி. நடுவுல இளைப்பாற நல்ல இடம்னா வாவிக் கரை பெஞ்சிதான். பின்னேரம் நீர்க்காகமும் கொக்கும் மரத்துல வந்து அடையும், கீழ உக்காந்தா புது உடுப்பு போச்சு, மரக்கிளைய பாத்துட்டு உக்காருங்க.

யாராவது கூடவே வந்து பேச்சு கொடுத்தா?

குயின்ஸ் ஹோட்டல் பக்கமும் வாவிக் கரையிலயும் “இன்னைக்கு விசேஷ பூசை, இன்னைக்கு மட்டும் மாணிக்கக் கல்லு கடைல பாதி விலை”ன்னு வருவாங்க. வெளிநாட்டுல இருந்து வந்த நம்ம சொந்தக்காரங்கள உடனே அடையாளம் கண்டுக்குவாங்க. கூட்டிட்டு போற கடைல அவங்களுக்கு கமிஷன். “வேணாம் அய்யே” (வேணாம் அண்ணே)ன்னு சொல்லிட்டு நிக்காம நடங்க, சண்டை வேண்டாம்.

இன்னும் நேரம் இருந்தா?

வாவிய சுத்தி நடக்கலாம், 3 கிலோமீட்டருக்கு மேல வரும். பேராதனை ரோட்டுல கட்டுக்கலை செல்வ விநாயகர் கோவில், ஆஸ்பத்திரிக்கு போற வழியும் அந்தப் பக்கம்தான், கிளினிக்குக்கு வர்றவங்க நிறைய பேரு அங்க ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் போவாங்க. ஹந்தானைல தேயிலை மியூசியம் இருக்கு, பழைய தேயிலை பெக்டரிய அப்படியே மியூசியமா ஆக்கினது, டவுன்ல இருந்து த்ரீவீலர்ல போயிரலாம். ஏறும்போதே மீட்டர் போடச் சொல்லுங்க.

திரும்பிப் போற பஸ் எங்க?

குட்செட் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கட்டுமான வேலை காரணமா தூரப் பஸ் நிக்கிற இடம் மாறி மாறி வந்திருக்கு. காலைல இறங்கும்போதே கண்டக்டர்கிட்ட “திரும்பி எங்க ஏறணும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு”ன்னு ரெண்டு கேள்வி கேட்டுக்கோங்க. கிட்டத்து ஊர் பஸ் நிறைய மணிக்கூட்டு கோபுரத்துப் பக்கம் கிடைக்கும். அஞ்சரைக்கு மேல ஆபீஸ் விட்டு வர்ற கூட்டம், பையோட பிள்ளையோட சீட் கிடைக்காது, தூரம் போறவங்க நாலரைக்கே ஸ்டாண்டுக்கு வந்துருங்க.